குறுக்கே கட்டிய மூங்கில்

விடாத, விடாத, விடாத என்று சுபி சொல்லிக்கொண்டே மிதித்தாள், ஒரு மிதிக்கு ஒரு விடாத, அவனும் விடல விடல என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான், ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ பஜனை பாடுகிற மாதிரி இருந்தது, யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும், இந்தப் பிள்ளையின் முட்டியில் கடுகளவு தோல் உரிந்தாலும் இன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் அடுப்பு எரியாது, நாளைக்கும் எரியாது, அதற்கப்புறம் எரியவே எரியாது. ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்க் களத்தில் வேலை இல்லை. உடைத்த தேங்காய்கள் பாதிக் களத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு வெயிலைப் பார்த்துக் கிடந்தன. மீதிப் பாதி வெறும் சிமெண்டுத் தரை, சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் காங்கேயம் சுற்று வட்டாரத்தில் கிடையாது, அதைவிட மோசமான இடமும் கிடையாது, மண்ணில் விழுந்தால் அழுக்குதான் ஆகும், சிமெண்டில் விழுந்தால் தோல் போகும். இது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மண்டையை உடைத்து எல்லாம் யோசித்தவன் தரையை யோசிக்கவில்லை. சுபியின் ரெண்டு முட்டிக்கும் சாக்குத் துண்டு சுற்றிச் சணலால் கட்டியிருந்தான், முழங்கைக்கும் கட்டியிருந்தான், சீட்டை அடிமட்டம் வரைக்கும் இறக்கியிருந்தான், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேரியரில் குறுக்கே ஒரு மூங்கில். தேங்காயைக் கிளறிவிடுகிற பலகையின் கைப்பிடி அது, ஆள் நீளத்துக்கும் மேலே, அதைக் கழற்றி எடுத்துவந்து, சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் கை நீட்டினாற்போல கயிற்றுக் கட்டு போட்டு இறுக்கியிருந்தான். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மூங்கில் போய்த் தரையில் ஊன்றிக்கொள்ளும், ஆள் விழ மாட்டாள். அவனுக்கும் அப்பா அப்படித்தான் கட்டிப் பழக்கினார், களத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பழகுகிறார்கள். சைக்கிள் அவனுடையது. பதினொண்ணாவதில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அன்றைக்கு வரிசையில் கடைசியாகப் போய் நின்றதால் பையன்கள் சைக்கிள் தீர்ந்துபோய், நடுவில் பார் இல்லாத பொம்பளைப்பிள்ளை சைக்கிள்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது. அந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டான். அந்தச் சைக்கிள் வெட்கத்தில்தான் மகுடீஸ்வரன் படிப்பை விட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை, படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான், அதற்குப் போய்க் காரணம் தேடுகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு எரிச்சல் வரும்.

ஒரு கீறல். சுபியின் அம்மா வசந்தாமணி சொன்ன வார்த்தை அதுதான், காயம் என்றுகூடச் சொல்லவில்லை. போன தை மாசம் சிவன்மலை அடிவாரத்தில், அவன் அப்பா தாலி கட்டுவதற்கு முன்னால், அவள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள், தனியாக என்றால் அவன் நாலு அடி தள்ளிச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவனுக்குக் கேட்காது என்று நினைத்தாளோ, கேட்கட்டும் என்றே நினைத்தாளோ. "என்ற புள்ள மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் போயிருவோமுங்க. அப்பறம் வந்து கூப்பிடக் கூடாது." அப்பா சரியென்று தலையாட்டினார், அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை. சுபியின் வலது புருவத்துக்கு நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது, அது பெல்ட்டின் கொக்கி பட்டது, அவளைப் பெற்றவன் அடித்தது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மகுடீசுக்கு அந்த ஆளைத் தேடிப் போய் நாலு போட வேண்டும் என்று வரும், உடனே அதற்குப் பின்னாலேயே பயமும் வரும், இன்னொரு கோடு தன்னால் விழுந்துவிட்டால். மொதல்ல இந்தப் பயமெல்லாம் இல்லை. வந்த புதிதில் போனால் போகட்டும் என்றுதான் இருந்தான். யார் இவர்கள், எங்கிருந்தோ ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள், சுபிக்ஷா என்று வாயில் நுழையாத பேரை வைத்துக்கொண்டு ஒரு குட்டி அவனுடைய தட்டில் சாப்பிட்டது. ஆனால் என்னவோ ஆகிவிட்டது. வேலை முடிந்து வரும்போது களத்தை ஒட்டின லைன் வீட்டில் விளக்கு எரிகிறது. அதுதான். வேறென்ன பெரிதாகச் சொல்ல. அம்மா போனபிறகு அவனும் அப்பாவும் விளக்குப் போடுவதில்லை, இருட்டிலேயே வந்து இருட்டிலேயே எதையாவது தின்று படுத்துவிடுவார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம் பாருங்கள். அம்மா போனது பஸ்ஸில் இல்லை, ஆம்புலன்சில், அதற்கு அடுத்த வண்டி கிடையாது. இப்போது விளக்கு எரிகிறது, ரசம் கொதிக்கிறது, ஒரு குட்டி வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகக் கத்துகிறது. அது போய்விடும். ஒரு கீறலில் போய்விடும். வசந்தாமணி அவனை இன்னும் தம்பி, வாங்க, சாப்பிடுங்க என்றுதான் கூப்பிடுகிறாள், ஒரு தடவை திட்டியதில்லை, குழம்பைக் கொட்டினான், அப்போதும் போச்சாதுங்க, பரவால்லீங்க என்று துடைத்தாள், விருந்தாளி வீட்டில் சாமானை உடைத்தால் எப்படிச் சொல்வார்களோ அப்படி. அவனும் அவளை எதுவும் கூப்பிடுவதில்லை. சித்தி என்றால் வாய் கோணுகிறது, அம்மா என்றால் வாயே திறக்காது. ஏனுங்க, இந்தாங்க என்று ஓட்டிக்கொண்டிருக்கிறான். கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி அப்படியே இருக்கிறது. சிமெண்டில் தகரம் இழுபடுகிற சத்தம் கேட்டால், அது எந்த வீட்டில் கேட்டாலும், அவன் எழுந்து போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறான்.

"என்ன மகுடீசு, வண்டிக்கு றெக்கை கட்டிட்டயா? அப்படியே மேல தூக்கீட்டுப் போயி கோயமுத்தூர்ல எறக்கி விட்டுரு" என்று லைன் வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த மாராத்தா கத்தினாள். "உன்ற வேலையப் பாருக்கா" என்று இவன் கத்தினான், கத்தியதில் மூச்சு வாங்கியது, அவளைப் பார்த்ததில் கேரியர் ஒரு பக்கம் இழுத்தது, அய்யோ, மூங்கில் போய்த் தரையில் கிர்ரென்று உரசி நின்றது, ஆள் விழவில்லை, பார்த்தாயா மூங்கில் என்றால் மூங்கில். "நீ விட்டுட்ட" என்றாள் சுபி. "விடலடி, இங்க பாரு கை." "சத்தியம் பண்ணு." "பண்ணியாச்சில்ல." "மறுக்காப் பண்ணு. என்ற தலை மேல." தலை மேல் கை வைத்தான், வேர்த்துப்போய் எண்ணெய் வழிகிற சின்ன மண்டை, அதற்குள்தான் எத்தனை சந்தேகம், விட மாட்டேன் என்றான், அவள் ஏறினாள், மறுபடியும் விடாத விடாத. அவளாகக் கேட்டதுதான் இதெல்லாம். காலையில் அப்பாவும் வசந்தாமணியும் வெள்ளகோயில் பக்கம் ஒரு எழவுக்குக் கிளம்பினார்கள், அப்பாவுக்குப் பெரியம்மா முறை, எழவு வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாது என்று இவனிடம் விட்டுப் போனார்கள், முதல் தடவையாக. பாத்துக்கங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பஸ் மறைந்ததும் குட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, எனக்குச் சைக்கிள் சொல்லிக் குடு என்றது. இத்தனை மாசத்தில் அது அவனிடம் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. ஏ என்று கூப்பிடும், இல்லாவிட்டால் கூப்பிடாமல் பக்கத்தில் வந்து நிற்கும். கேட்டபோது அவன் முடியாது என்றுதான் சொல்ல வந்தான், சரி என்று வந்துவிட்டது. வாய் இருக்கிறதே. மற்றவர்களிடம் வெடுக்கென்று பேசுகிற வாய், இதனிடம் சரி சரி என்கிறது. பள்ளிக்கூடம் திறந்தால் அஞ்சாவது, ரோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் சைக்கிளில் போவார்கள், நான் மட்டும் நடந்தா என்னை விட்டுட்டுப் போயிருவாங்க என்றது. விட்டுட்டுப் போயிருவாங்க. அந்தப் பேச்சை அவனிடம் வந்து பேசினால் அவன் என்ன செய்வான்.

அஞ்சு சுற்றோ ஆறு சுற்றோ, எண்ணவில்லை, தொண்டையெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம், வெயில் அடித்த பருப்பின் அந்தத் திகட்டல், தரையில் நிழல் நீளமாக விழுந்தது, சைக்கிள் நிழலுக்கு நெசமாகவே றெக்கை இருந்தது, மாராத்தாக்கா சொன்னது சரிதான், பருந்து மாதிரி, அதன் பின்னாலேயே கூனிக்கொண்டு ஓடுகிற இன்னொரு நிழல், அது அவன், அந்த நிழலின் கை பருந்தின் வாலைப் பிடித்திருந்தது. அப்புறம் பிடித்திருக்கவில்லை. அவனாக விட்டானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கை அங்கேதான் இருந்தது, கேரியருக்கு அடியில், விரல் விரிந்து, கேரியர் மட்டும் கையில் இல்லை. கொஞ்ச நேரமாகவே அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிருந்தது, வண்டி அதுவாக நேராகப் போனது, இவன் கை சும்மா கூடவே வந்துகொண்டிருந்தது, பெரிய மனுஷன் தோரணையில். ஒரு அடி இடைவெளி. ரெண்டு அடி. அவள் விடாத என்றாள். இவன் விடல என்றான். பொய். தலை மேல் கை வைத்துச் சொன்னதற்கு அப்புறம் இப்படிக் கூசாமல் பொய் வருகிறதே. ஆனால் போகிறாளே. சாக்குக் கட்டின முட்டி மேலும் கீழும் போகிறது, ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து ஆடுகிறது, மூங்கில் ரெண்டு பக்கமும் தரையைத் தொடவே இல்லை, போகிறாள், அவனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது, சிரிப்பா எதுவா, நின்றுவிட்டான், இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான், மடையன். நின்றபிறகுதான் பார்த்தான், அவள் திரும்பவில்லை. களத்தின் மூலையில் இதுவரைக்கும் இவன்தான் கேரியரைத் தள்ளித் திருப்பினான், அவளுக்குத் திருப்பத் தெரியாது, சொல்லித் தரவில்லை. பிரேக். பிரேக் சொல்லித் தந்தானா. இல்லை. சாக்குக் கட்டினான், சணல் கட்டினான், மூங்கில் கட்டினான், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எதற்குச் சொல்ல, பிரேக் இவன்தானே, இவன்தான் பின்னால் இருக்கிறானே. நேராக எதிரே களத்தின் வாசல். தள்ளுவண்டி இறங்குகிற சரிவு, அதற்கப்பால் ரோடு, சரிவின் தலைப்பில் ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நட்ட கல், லாரி உள்ளே ஏறிவிடாமல் நட்டது. தள்ளுவண்டி போகும். சைக்கிள் போகும். சைக்கிளும் மூங்கிலும் சேர்ந்து போகாது.

ஓடினான். கத்தவில்லை, கத்த முடியாது, கத்தினால் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் கைப்பிடி திரும்பும், சிமெண்டில் விழுவாள், கத்தாமல் இருந்தால் கல்லில் மாட்டுவாள், மாட்டாமல் போனால் ரோடு, ரோட்டில் இந்நேரம் சாயங்கால பஸ், அந்த பஸ்ஸில்தான் வசந்தாமணி வருவாள், மூங்கிலைக் கட்டாமலே விட்டிருந்தால் நடுவில் புகுந்து போயிருப்பாள், போயிருந்தால் ரோடு, அப்போ மூங்கில் நல்லதா, நல்லது எப்படி, எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு கீறல், அவள் இன்னும் விடாத என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், காற்றில் கேட்கிறது, பதில் வரவில்லை என்று தெரிந்தால் திரும்புவாள், "விடல" என்று கத்தினான், ஓடிக்கொண்டே, பத்தடி பின்னால் இருந்துகொண்டு, "விடல, விடல சுபி, மிதிக்காத, காலைச் சும்மா வெய்யி", குரல் தூரத்திலிருந்து வருகிறதே, கண்டுபிடித்துவிடுவாளே. செருப்புக் கழன்றது. கல் கிட்டே வந்தது. மூங்கிலின் இடது முனை அவன் கைக்கு எட்டியது, பிடித்தான், முழுசாகக் கையில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டே போனது, நுனியில் பிளந்திருந்த சிலாம்பு உள்ளங்கையில் ஏறியது, விடவில்லை, பின்னுக்கு இழுத்தான், வண்டி திணறியது, வலது முனை கல்லில் டொக்கென்று இடித்தது. சத்தம் அவ்வளவு பெரிதில்லை. அப்புறம் சைக்கிள் கிடந்தது, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, கட்டின கட்டு அவிழவில்லை, எமக் கட்டு. சுபி கல்லுக்கு இந்தப் பக்கம் குப்புறக் கிடந்தாள். முட்டியில் சாக்கு அப்படியே இருந்தது. முழங்கையில் சாக்கு அப்படியே இருந்தது. நிமிர்ந்தாள். தாடையில் சாக்குக் கட்ட எவனுக்குத் தோணும். தாடைக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு, முதலில் கோடுதான், அப்புறம் அது நனைந்து கழுத்துக்கு இறங்கியது.

அவள் அழவில்லை. அழாதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. அடி வாங்கிப் பழகின பிள்ளை, அழுதால் இன்னும் விழும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. "நான் தனியாத்தான வந்தேன்?" என்றாள். "ம்" என்றான். "எங்கிருந்து?" "பாதிக் களத்துல இருந்து." அவள் திரும்பிக் களத்தைப் பார்த்தாள், அளக்கிற மாதிரி. அப்போது பஸ் ஹாரன் அடித்தது.

வசந்தாமணி ஒருத்திதான் இறங்கினாள். அப்பா எழவு வீட்டிலேயே தங்கிவிட்டார் போல. தலை கலைந்து, கண்ணெல்லாம் வீங்கி, பையை இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டியவள் பாதியில் பார்த்துவிட்டாள், பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவள் பிள்ளைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எழவு வீட்டிலிருந்து வந்தவள் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது, பிள்ளையைத் தொடக் கூடாது, அதுவும் ரத்தம் வருகிற பிள்ளையை, தொட்டால் புண் ஆறாது என்பார்கள். நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் போட்டு முறுக்கினாள்.

"அண்ணன் விடவே இல்லம்மா" என்றாள் சுபி. "புடிச்சுட்டேதான் இருந்துச்சு. நாந்தான் விழுந்துட்டேன்."

அண்ணன். இவ்வளவு நாள் ஏ. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு சந்தோஷப்படக்கூட நேரம் இல்லாமல் இப்படி வந்து விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம், ஒன்பது வயசுக் குட்டி அவனுக்காகப் பொய் சொல்கிறது, பயந்த முகத்தோடு, யாருக்குப் பயந்து என்று அவனுக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"விட்டுட்டேனுங்க" என்றான். "நாந்தான் விட்டேன். பிரேக்கும் சொல்லித் தரல."

அவள் அவனைப் பார்த்தாள். நடந்து லைன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார்கள், அவள் ஒதுங்கி ஒதுங்கி, இவன் சுபியைத் தூக்கிக்கொண்டு, மாராத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். படிக்குக் கீழேயே வசந்தாமணி நின்றுகொண்டாள்.

"கட்டிலுக்கு அடியில என்ற பெட்டி இருக்குது" என்றாள். "எடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான். உள்ளே போனான். உள்ளே இருட்டாக இருந்தது, விளக்குப் போடத் தோன்றவில்லை, போட்டு என்ன. பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போயிருக்கும், டிரைவர் டீ குடித்துவிட்டு இந்தப் பக்கமாகவே திரும்பி வருவான், அதுதான் அடுத்த பஸ், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, அவள் சொன்ன சொல் மாறாதவள், குளிக்காமலேயே ஏறிவிடுவாளா, எழவுச் சேலையோடயா, பிள்ளையைத் தொடாமல் எப்படிக் கூட்டிப் போவாள், போகிற வழியில் யாராவது சீட்டுத் தர மாட்டேன் என்றால், அதெல்லாம் இவனுக்கு என்னத்துக்கு. குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டான், கைப்பிடி சில்லென்று இருந்தது, இழுத்தான், தகரம் சிமெண்டில் இழுபட்டது, அந்தச் சத்தம், எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக் காத்துக்கிடந்த அதே சத்தம், அதை இவன் கையாலேயே இழுக்க வைத்துவிட்டாள் பாருங்கள். கனத்தது. கல்லு மாதிரி கனத்தது. வந்து இறங்கினபோது இப்படிக் கனக்கவில்லை, அன்றைக்கு அவன்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினான், ஒரு கையில் தூக்கினான். எப்போதிருந்து இதில் கட்டிவைத்துக்கொண்டிருந்தாள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, இவன் வேலைக்குப் போனபிறகு. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே வந்து வாசற்படியில் வைத்தான். பெட்டியின் மூடியில் சிவப்பாக அப்பியிருந்தது. பார்த்தான், அவன் கைதான்.

"தொறங்க" என்றாள்.

கொக்கியை நெம்பினான். மூடி திறந்ததும் முகத்தில் வந்து அடித்தது துணி வாசம் இல்லை, புளி. பாலிதீன் பையில் பந்து பந்தாக உருட்டி அமுக்கிக் கட்டின புதுப் புளி, பாதிப் பெட்டிக்கு. அதற்குப் பக்கத்தில் செம்மண் கட்டிக் காயவைத்த துவரை, காம்பு கிள்ளாத மிளகாய், கொத்தமல்லி, எலி எட்டாமல் இருக்க எல்லாம் பையில் போட்டு முடிச்சு. அடுத்த தை வரைக்கும் வரும், அதற்கு மேலும் வரும். துணியென்று இருந்தது மேலே மடித்துப் போட்டிருந்த ஒரே ஒரு பழைய நூல் சேலைதான், தோய்த்துத் தோய்த்துப் பூவாக வெளுத்தது. அவன் கையை உள்ளே விடாமல் குத்துக்காலிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேடிக்கையா பாக்கறே?" படிக்குக் கீழே இருந்து குரல் வெடித்தது. "அந்தச் சேலையில ஒரு முழம் கிழிடா. தண்ணியில நனைச்சு அவ தாடையத் தொடை. மெதுவா, தேய்க்காத. பிரேக்கு சொல்லித் தராம வண்டிய விடறவன் எங்கயாச்சும் இருப்பானாடா? இதுல றெக்க வேற கட்டி வெச்சிருக்கறான் றெக்க!"

கிழித்தான். சேலை டர்ரென்று ஒரே இழுப்பில் வந்தது. சுபி தாடையைத் தூக்கிக் காட்டினாள், ஈரத் துணி பட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஓவென்று, தைரியமாக. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போனது.

வசந்தாமணி பின்பக்கத் தொட்டிக்குக் குளிக்க நடந்தாள். நாலு எட்டு போனவள் நின்று திரும்பினாள்.

"உன்ற கைக்கும் ஒரு துண்டு கிழிச்சுச் சுத்திக்க. பாத்துட்டுத்தான் இருக்கறேன், நீ பாட்டுக்கு ஒழுக விட்டுட்டு நிக்கற." மறுபடி நடந்துகொண்டே சொன்னாள், "பொட்டிய மூடி உள்ள தள்ளுடா, எறும்பு ஏறீரும். லைட்டப் போடு."